வேனுக்கு ஒரு துணி, ப்ளேனுக்கு ஒரு துணி

இல்ல கண்ணு, நீயே சொல்லு. இஸ்திரி போட்ட புது நைட்டி, மேல ஒரு துண்டு. இத்த போட்டுகினு ப்ளேன்ல ஏறுனா இன்னா தப்பு? நம்ம கும்மிடிப்பூண்டில ரேஷனுக்குப் போறோம், பேங்குக்குப் போறோம், ஸ்கூலு மீட்டிங்குக்குக் கூட போறோம். எவனாவது ஒரு வார்த்த கேட்டானா? ப்ளேன்ல மட்டும் எறக்கி உட்ருவானா? எம்பொண்ணு போன்ல அழாத கொறையா கத்துறா... காதுல மாட்டிகினு கீறியே, அத்த எடு, அப்பதான் இந்த ரயிலு சத்தத்துல நான் பேசுறது கேக்கும். எங்க எறங்குற? கொருக்குப்பேட்டயா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சி, பேசிகினே போலாம்.

பொண்ணு பேரு ஹெலனு. நர்சு. அயர்லாந்துல கீறா. மாசமா இருக்கறா, அடுத்த மாசம் பிரசவம். நான் போனாதான் ஆச்சி. எங்க ஊட்டுக்காரரு இரும்புக் கம்பி கம்பெனில பர்னஸாண்ட வேல, அவருக்கு லீவு கெடைக்கல. அதான் நான் ஒண்டியா போறேன். நடுவுல ஏதோ ஒரு ஊர்ல எறங்கி வேற ப்ளேன் மாறணுமாம். ராத்திரி பூரா, மறுநாள் பாதி, குந்திகினே போவணும். இதுல அவ போடுற சட்டத்தப் பாரு... 'அம்மா, உனுக்கு வசதியாவும் இருக்கணும், பாக்க நீட்டாவும் இருக்கணும்'ங்கறா. வசதின்னா நைட்டி. நீட்டுன்னா பட்டுப்பொடவ. நடுவுல இன்னா கீது?

பட்டுப்பொடவயும் கட்டிப் பாத்தேன். கிறிஸ்மஸுக்கு எடுத்தது. மடிப்புக்கு ஒரு பின்னு, தோளுக்கு ஒரு பின்னு, இடுப்பாண்ட ஒண்ணு. அத்தினி பின்னுக்கும் அங்க செக்கிங்ல மெஷினு கத்துமாம். எதுத்த ஊட்டு ஈஸ்வரி சொன்னா. அவ ஏர்போர்ட்ட கண்ணால பாத்ததில்ல, ஆனா எல்லாம் தெரியும். சரி, மெஷினு கத்திட்டுப் போவுது. ப்ளேனு பாத்ரூமு நம்ம பீரோவ விட சின்னதாமே? அதுக்குள்ள பட்டுப்பொடவயோட போயி... வேணாம், நீ சின்னப் பொண்ணு.

அப்புறம் அவளே பார்சல்ல ஒண்ணு அனுப்பிச்சா. பேன்ட்டு. கறுப்பு கலரு, இடுப்புல எலாஸ்டிக்கு, தொட்டா பஞ்சு மாதிரி. கசங்கவே கசங்காதாம். நான் பொறந்ததுலேர்ந்து பேன்ட்டு போட்டதில்ல கண்ணு. கதவ சாத்திகினு போட்டுப் பாத்தேன். சும்மா நின்னு பாத்தா ஆச்சா, குந்திப் பாக்கணுமே? கீழ குந்தி, அருவாமனைய வெச்சிகினு, அரை கிலோ பீன்ஸ நறுக்குனேன். சொல்லக்கூடாது, சொகமாத்தான் இருந்திச்சி. அந்த நேரம் பாத்து ஷிப்டு முடிஞ்சி இவரு வந்துட்டாரு. அவராண்ட ஒரு சாவி கீது. எம்முதுக மட்டும் பாத்துட்டு, 'ஹெலனு, எப்பம்மா வந்த'ன்னாரு. நான் திரும்புனதும் மனுசன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சி. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம் சிரிச்சோம், பீன்ஸு பாதி தரையில கெடக்குது.

அப்ப அத்தயே போட்டுகினு போயேங்கற. போலாம். ஆனா வேன் கீதே.

வழியனுப்ப வர்ற வேனு கண்ணு. எங்க தெருவுலேர்ந்து மீனம்பாக்கம் வரைக்கும். ஈஸ்வரி, அவ நாத்தனாரு, எங்க சபை பாஸ்டரு சாம்சன், திலகவதி சிஸ்டரு, அப்புறம் கொழந்த குட்டிங்க. ஏர்போர்ட்டு வாசல்ல பாஸ்டரு என் தலையில கைய வெச்சி ஜெபம் பண்ணுவாரு. சால்வ போடுவாங்க. போட்டோ எடுப்பாங்க, அது நான் உள்ள போறதுக்குள்ள குரூப்புல வந்துரும். அதுல நான் பேன்ட்டோட நின்னா? விக்டோரியா வெளிநாட்டுக்குப் போறாளா, கம்பெனி ஷிப்டுக்குப் போறாளான்னு கேக்க மாட்டாங்க?

அதுக்கும் ஒரு ஐடியா பண்ணேன். உள்ள பேன்ட்டு, மேல பட்டுப்பொடவ. பாவாடைக்குப் பதிலா அந்த எலாஸ்டிக்குலயே பொடவைய சொருகிக்கறது. உள்ள போனதும் அவுத்து பையில வெச்சிட்டா தீந்துது. ட்ரையல் பாக்கலாம்னு அப்டியே கடை வரைக்கும் நடந்தேன். கடைக்காரரு கலியன் தோச மாவ நீட்டுறாரு, நான் கைய நீட்டுறேன், கொசுவம் மொத்தமா சர்ருனு எறங்குது. நான் மாவ புடிப்பனா, பொடவைய புடிப்பனா? அன்னிக்கு மானத்த காப்பாத்துனது அந்த பேன்ட்டுதான்.

அதான் இன்னிக்கு கொருக்குப்பேட்டல எறங்கி, வண்ணாரப்பேட்ட துணிக்கடைக்குப் போறேன். முட்டிக்குக் கீழ தொங்குற மாதிரி ஒரு டாப்பு, ஒரு துப்பட்டா. சுடிதாருன்னு சொல்லிட்டா வேனும் ஒத்துக்கும், ப்ளேனும் ஒத்துக்கும். ஈஸ்வரி மெரூன் எடுங்கறா, திலகவதி சிஸ்டரு வெளிர் நீலங்கறாங்க, பாஸ்டரு சம்சாரம் எம்ப்ராய்டரி இல்லாம எடுக்காதங்கறாங்க. ஆளுக்கு ஒரு யோசன. இந்த வேன் மட்டும் இல்லன்னா எனுக்கு ஒரு பேஜாரும் இல்ல, தெரியுமா?

இன்னா கேட்ட?... அவங்கள யாரு கூப்டாங்கன்னா?

நான்தான். ஊடு ஊடா போயி, 'வந்து என்ன ஏத்தி உட்டுட்டுப் போங்க'ன்னு கூப்டேன். சிரிக்காத. எங்க ஊட்டுக்காரரு, 'ரெண்டு பேரும் ஒரு காருல போயிரலாம்'னுதான் சொன்னாரு. வேன் பேசுனதும் நான்தான்.

பயம் கண்ணு. வேற ஒண்ணும் இல்ல. இந்த ரயில உட்டா நான் எதுலயும் ஒண்டியா போனதில்ல. இதுலயும் பாரு, ஏறுனதும் உன்ன புடிச்சிகினேன். அங்க உள்ள போயிட்டா எனுக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கூட இருக்காது. நம்ம சனம் கண்ணாடிக்கு அந்தாண்ட கும்பலா நின்னு கைய ஆட்டிகினே இருந்தாங்கன்னா, அந்த தைரியத்துல கொஞ்ச தூரம் நடந்துருவேன். அப்புறம் எம்பொண்ணு கீறா. நடுவுல இருக்கறதுதான் எப்டின்னு தெரியல.

கொருக்குப்பேட்ட வந்திரிச்சி, எறங்கு எறங்கு. கடைக்கு நீயும் வாயேன், கலரு பாத்து சொல்லு... வேலைக்கு நேரமாச்சா? சரி, ஓடாத, நில்லு. வர்ற வெள்ளிக்கெழம சாயந்தரம் நம்ம ஊரு பஜார் முனைல வேன் வந்து நிக்கும். ஜன்னலோரமா ஒரு சீட்டு காலியா கீது. உனுக்குன்னு சொல்லி வெக்கிறேன்.