கவுத்து ஒட்டுன முகம்

மோசேயா? இல்லம்மா, பைபிள்ல வர்ற அந்தத் தாடிக்காரருக்கும் எங்க மொசைக்குக் கல்லு வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பேரு ஒரே மாதிரி இருக்குறதால எல்லாரும் முதல்ல அதத்தான் கேப்பாங்க. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல கல்லுப் பொடி இருக்கும், தொடச்சிட்டு உக்காருங்க. நல்ல கோட்டு போட்டிருக்கீங்க.

மூஸ்னு ஒம்போது தேவதைங்க இருக்காங்கல்ல, பாட்டு, கூத்து, கவிதைன்னு ஆளுக்கொண்ணு. பழைய ரோம்காரங்க தோட்டத்துல குகை மாதிரி கட்டி, ஊத்துத் தண்ணி ஓடவிட்டு, இது அவங்க எடம்னு விட்டுருவாங்களாம். உள்ள சுவர் பூரா சிப்பியும் கூழாங்கல்லுமா பதிப்பாங்க. தேவதைங்க எடத்து வேலை, அதான் மொசைக்கு ஆயிப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் துயிலியோ சொல்வாரு. படிச்சவங்க சில பேரு அப்பிடி இல்லவே இல்லம்பாங்க. அவங்களுக்குச் சண்டை போட ஏதாச்சும் வேணும். அந்த ஒம்போது பேரையும் பெத்தவ பேரு ஞாபகம். ஆமா, ஞாபகம்னே ஒரு அம்மா.

அவரு இந்தக் கதையச் சொல்லித்தான் ஊருக்கு ஊரு வேலை புடிப்பாரு. உங்கப்பாகிட்டயும் சொல்லிருப்பாரு. இல்லன்னா தான் கட்டுன நாடகக் கொட்டகைச் சுவத்துல ஒம்போது தேவதை வேணும்னு அவர மாதிரி மர வியாபாரிக்கா தோணப்போவுது? கோச்சுக்காதீங்க.

காப்பியில ஒரு சொட்டு கிராப்பா சாராயம் விடட்டா? வண்டி ஓட்டணுமா, சரி.

கொட்டகைச் சுவத்துல ஈரம் ஏறிடுச்சா. கன்னத்துல கல்லு உதிருதா. எவளுக்கு? கடைசில நிக்குறாளே, சின்னவ, அவளுக்கா? ம். வரைஞ்சது அவரு. ஒட்டுனது நான்.

நீங்க சின்ன வயசுலயே மிலானுக்குப் போயிட்டீங்க, எங்க வேலையப் பாத்திருக்க மாட்டீங்க. எங்க ஊரு ஸ்பிலிம்பெர்கோவுல நேரா சுவத்துல ஒட்ட மாட்டோம். பட்டறையில தடி பேப்பர்ல படத்த இடம் வலமா மாத்தி வரைஞ்சு, அது மேல ஒவ்வொரு கல்லையும் முகங்குப்புறக் கவுத்து மாவுப் பசையில ஒட்டுவோம். நம்ம கண்ணுக்குத் தெரியறது பூரா முதுகுதான். அப்புறம் பேப்பரோட தூக்கிட்டுப் போயி, சுவத்துக் காரையில அழுத்தி, தண்ணியில நனைச்சு உரிப்போம். அப்பத்தான் முகம் வெளிய வரும். அது வரைக்கும் ஒட்டுனவளுக்கே தெரியாது.

அந்த வருஷந்தான் எங்க லீவியா போனா. மூளைக் காய்ச்சல். எட்டு வயசு. நான் அதுக்கப்புறம் வாயே தொறக்கல. பொலெந்தாக் களி கிண்டி வெப்பேன், தட்டுலயே காஞ்சு கெடக்கும். ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனவ, மேசை மேல அந்தப் படத்தப் பாத்தேன். வெறும் கோடுதான். சின்னப் பொண்ணு முகம். இது நம்ம லீவியாவான்னு கேட்டேன். கையில இருந்த பென்சில கீழ வெச்சாரு. ஆமான்னாரு.

அப்பவே கல்லு வெட்டுற சுத்தியல எடுத்துட்டேன். மத்தவளுங்கள நீங்க பாத்துக்குங்க, இவள ஒருத்தரும் தொடக்கூடாதுன்னுட்டேன். அந்தக் குளிர்காலம் பூரா அவளும் நானுந்தான். கன்னத்துக்கு ரோஸ் கல்லு. மூக்கோரம் லேசா பச்சை, அப்பத்தான் தோலு உயிரோட இருக்கும். பேசிக்கிட்டே ஒட்டுவேன். இன்னைக்கி பனி பேயுது லீவியா, உன் சாக்ஸ நெவியோ சித்தப்பா பொண்ணுக்குக் குடுத்துட்டேன் லீவியா, அப்பிடி. புருவத்துல அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. படத்துல இல்லியேன்னு கேட்டேன். தேவதைக்கு எதுக்குடி தழும்புன்னாரு. சரிதான்னு விட்டுட்டேன்.

நான் உள்ள வந்தா பட்டறையில பேச்சு நிக்கும். நெவியோ, என் கொழுந்தன், என் முகத்தப் பாக்கவே மாட்டான். என் துக்கத்துக்கு மரியாதை குடுக்குறாங்கன்னு நெனச்சேன். அத்தன பேருக்கும் தெரியும்மா. கூட்டுக் களவாணிங்க.

பேப்பர் உரிக்கிற அன்னைக்கி உங்கப்பா குடும்பத்தோட வந்து நின்னாரு. நீ வீட்டுக்குப் போ, நான் உரிக்கிறேன்னு துயிலியோ கெஞ்சுறாரு. எம்பொண்ண நான் உரிக்காம யாரு உரிப்பான்னு ஏணியில ஏறிட்டேன். நெத்தி வந்துச்சு. மூக்கு வந்துச்சு. வாய் வந்துச்சு. யாரு இதுன்னு பாக்குறேன். பின்னால கைதட்டுறாங்க. திரும்புனா, உங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு, முன்பல்லு இல்லாம ஒரு பொண்ணு நின்னு சிரிக்குது.

ஆமா, நீங்கதான். உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுல சொல்லலியா?

அந்தக் கடைசி தேவதைக்கு உங்க முகந்தான் வேணும்னு உங்கப்பா மொதல்லயே கேட்டு வெச்சிருந்தாராம். பின்ன ஏன்யா ஆமான்னு சொன்னன்னு துயிலியோவப் புடிச்சு உலுக்குனேன். அன்னைக்கித்தான்டி நீ வாயத் தொறந்தங்கிறாரு. மறுநாள் சொல்லிருக்கலாம்ல? அதுக்குள்ள நீ சாப்பிட ஆரம்பிச்சிட்டங்கிறாரு. இரக்கப்பட்டு ஏமாத்துனாராம். ஊரே அவரு பக்கம். உம்மேல எவ்வளவு உசுருன்னு பாருன்னாளுங்க. உசுரா இருந்தவன்தான் கழுத்தறுத்தான். ஆஸ்பத்திரில கடைசி நேரத்துல கையப் புடிச்சிக்கிட்டு, மன்னிச்சிட்டியான்னு கேட்டாரு. மன்னிச்சிட்டேன்னேன். அவரு சொன்ன பொய்க்குப் பதிலா நானும் ஒரு பொய்.

சரி, செஞ்சு தர்றேன். வேற யாரும் கை வெச்சா கன்னம் கன்னமா இருக்காது. அது என்ன, உங்க சின்ன வயசு போட்டோவா? பையில வைங்க. எனக்கு அது வேண்டாம், கண்ண மூடிட்டே ஒட்டுவேன். உங்க மேல எனக்கென்ன கோவம், நீங்க அப்ப கொழந்த.

என்னன்னா, அத்தன நாளும் உங்க முகத்தப் பாத்து லீவியா லீவியான்னு கூப்புட்டுட்டேன்ல. இப்ப அவள நெனச்சா அவ வர்றதில்லம்மா. நீங்கதான் வர்றீங்க. அவ போட்டோவ எடுத்துப் பாத்தா, யாரு வீட்டுப் புள்ளையோன்னு இருக்கு.