மூடி திறக்காத உலை

ஷூலான்: உலை மூடி மேலருந்து கையை எடுங்க, சுவோ அண்ணே.

சுவோ: சும்மா… தொட்டுப் பார்த்தேம்மா.

ஷூலான்: சூடுதான் மீட்டர்ல தெரியுதே. குளிர்காத்து பட்டா கல்லு வெடிக்கும்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?

சுவோ: நான்தான், தாயே. ரெண்டு மாசமா உள்ள வெச்சு வளர்த்த படிகக் கல்லு… பெத்த புள்ளையக்கூட இப்படிக் காவல் காத்ததில்ல.

ஷூலான்: அண்ணி காதுக்குப் போகட்டும், இருக்கு உங்களுக்கு! இந்தாங்க, பச்சை நிறக் கொழுக்கட்டை. சிங்மிங் பண்டிகைக்கு மாமியார் செஞ்சது.

சுவோ: சிங்மிங் நேத்தே முடிஞ்சுதே… நீ ஊருக்குப் போகல?

ஷூலான்: போகல.

சுவோ: ஏய்! அம்மா போனப்புறம் வர்ற முதல் சிங்மிங். கல்லறையைக் கூட்டிக் கும்பிட வேணாமா? உலையை நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனே!

ஷூலான்: கல்லு ஆறுற வரைக்கும் ரெண்டு பேர் இருக்கணும்பீங்க. திடீர்னு நீங்களே போ, போன்னா…

சுவோ: அது… சரி, விடு.

ஷூலான்: அலுப்பா இருந்துச்சு. மழை வேற. மேனேஜர் எப்ப வர்றாராம்?

சுவோ: இப்ப வந்துடுவாரு. அவர் கண் முன்னாலதான் திறக்கணுமாம். இதுவும் விரிசல்னா உலையை அணைச்சிட்டு என்னை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிடுவாங்க.

ஷூலான்: நீங்க அட்டைப்பெட்டி ஒட்டவா?

சுவோ: பச்சை லேசரை வாங்கிப் புற ஊதாக் கதிரா மாத்தித் தர்ற கல்லு வளர்த்த கை… போகட்டும், டேப் ஒட்டட்டும்.

ஷூலான்: இப்பவே என்ன ஒப்பாரி? முழுசாத்தான் வரும்.

சுவோ: வராதும்மா.

ஷூலான்: அண்ணே, வேணாம்…

சுவோ: இரு, சொல்லித் தொலைச்சிடறேன். போன வாரம் நீ நாற்காலியில தூங்கிட்டிருந்த. சீக்கிரம் ஆறிட்டா நீ ஊருக்குப் போவியேன்னு, ஆற வைக்கிற வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கொஞ்ச நேரத்துல உள்ள ‘டிக்’னு ஒரு சத்தம்… போச்சு. வேகத்தைப் பழையபடி வெச்சிட்டு, வெடிச்ச கல்லுக்குக் காவல் இருக்கேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல.

ஷூலான்: கொழுக்கட்டை காயுது, சாப்பிடுங்க.

சுவோ: நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற! காதுல விழுந்துச்சா இல்லையா?

ஷூலான்: அன்னைக்கே விழுந்துச்சுண்ணே. சத்தம் கேட்டதும் நீங்க என் பக்கம் திரும்பினீங்க… நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். இந்த மூடியை நீங்க ஒத்தையா திறக்கக் கூடாதுன்னுதான், அடுத்த வருஷம் வர்றேன்னு அம்மாகிட்ட மனசுக்குள்ளயே சொல்லிட்டேன்.