நின்றிருந்த செங்கற்கள்

“செங்கல்லு நிக்கிது செல்வி! அங்கதான் வாசல்!”

மயிலாப்பூர் குளத்தருகே பேருந்தில் ஏறி அமர்ந்த கொத்தனார் ஒருவர், என் முன் இருக்கையிலிருந்து தம் மனைவியிடம் இவ்வாறு கூவினார். கடலோரத்துப் பழைய மாதா கோயிலில் இருவரும் பூச்சு வேலை செய்பவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“காலங்காத்தால இன்னாய்யா உளர்ற?”

“செவுத்துல எல்லாக் கல்லும் படுத்துக்கினு கீது. கடல் பக்கம் மட்டும் வளைவா நிக்க வெச்சிக்கிறான். கீழ வாசல் இல்லாம எவனாவது வளைவு கட்டுவானா?”

“நேத்து அதுல பாதிய மூடிப் பூசின மகராசன் யாரு?”

“நான்தான். இப்ப டீ குடிக்கசொல்லதான் மண்டையில ஒறச்சிது. முன்னாடியே வேலைக்குப் போன முருகன் மீதிய பூசிட்டான்னா அப்பறம் எவனுக்குமே தெரியாது. போன போடு!”

அந்தச் சுவரை ஒட்டிய பெஞ்சில்தான், சென்ற ஆண்டு மறைந்த என் மனைவி ஞாயிறுதோறும் அமர்வாள். கடல் இத்தனை அருகில் இருந்தும் காற்றே வருவதில்லை என்று கைக்குட்டையால் விசிறிக்கொள்வாள்.

அவர் மனைவி எண்ணை அழுத்தி, அலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து நீட்டினார்.

“டேய் முருகா, பூசிட்டியா?”

“கலவை இப்பதாண்ணே போட்டேன்.”

“கலவை கெடக்கட்டும். வளைவுக்குக் கீழ ஒரே ஒரு கல்ல உருவு. வளைவத் தொட்டே, கொன்னுருவேன்.”

அலைபேசியில் இரும்பு கல்லில் உரசும் ஒலி நெடுநேரம் கேட்டது. நடத்துநர்கூடச் சீட்டுக் கிழிப்பதை நிறுத்தியிருந்தார்.

“அண்ணே! காத்துண்ணே! மூஞ்சியிலயே அடிக்கிது!”