லேத்தில் சிக்கிய சடை

எழுபதுகளில் ஒருநாள், ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம பொண்ணு சடைய வாத்தியாரே வெட்டிட்டாராமே,” என்றார் கணவர்.

“பள்ளிக்கூடத்து பட்டறையில லேத்து மிஷினு சுத்திக்கினு இருக்க சொல்லோ மாட்டிக்கிச்சு. வெட்டலன்னா தலையே போயிருக்கும்.”

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங் குரூப்பு? இப்பவே கூட்டிக்கினு வந்துடறேன். படிச்சது போதும்.”

அந்த அம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“ராத்திரி பூரா அழுதா. காலைல, ‘மிச்ச முடிய இறுக்கிக் கட்டும்மா, அந்த மிஷினத்தான் இன்னிக்கி ஓட்டணும்’னா. நான்தான் கட்டி அனுப்பினேன்.”

“பள்ளிக்கூடம் எறங்கு,” என்று கண்டக்டர் இரண்டு முறை கூவினார். பெண்ணின் அப்பா எழுந்திருக்கவில்லை.