எட்டாவது கால்

ரப்பரை யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். திரும்ப விடுவதுதான் கஷ்டம்.

கொரியாவின் தேஜொன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக அதுதான் என் வேலை. பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு அது பெரிய இடம். தலைமுடியைவிட மெல்லிய படலத்தை நட்சத்திரமாக வெட்டித் தருவார்கள். இழுத்துப் பிடித்த ரப்பர்த் தாளில் அதன் எட்டுக் கால் நுனிகளை மட்டும் ஒட்டுவேன். பிறகு ரப்பரை மெல்லத் தளர்த்துவேன். கால்கள் நெருங்க நெருங்க நடுப்பகுதி எழும்பும். தட்டையாகக் கிடந்தது கடுகளவு கூடையாக நிற்கும். குறைமாதக் குழந்தையின் நெஞ்சில் பொருத்தினால், மூச்சு நின்றதும் கூடையின் அசைவு நிற்கும், மணி அடிக்கும்.

ஆய்வாளர் சேரோம் அக்கா மதியம் என்னோடுதான் கிம்பாப் சாப்பிடுவாள். "பத்து வருஷம் படிச்சுக் கிழிச்சோம், இவ கை முன்னாடி ஒருத்தராவது நிக்க முடியுதா?" என்று மற்றவர்களைச் சீண்டுவாள். என்னைப் பற்றி வேறு யாரும் எதுவும் சொன்னதில்லை.

போன வசந்தத்தில் ரப்பரை இழுத்துத் தளர்த்தும் இயந்திரம் ஒன்று சோதனைக்கு வந்தது.

"இனிமே உன் கைக்கு ஓய்வுடி, யேசொல். நானும் நிம்மதியா சியோலுக்குக் கிளம்பிடுவேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒரு தாளில் நூறு கூடைகள் இருக்கும். நான்கு மூலையையும் நடுவையும் மட்டும் நுண்ணோக்கியில் பார்ப்பது எங்கள் வழக்கம். கெட்டால் அங்கேதான் முதலில் கெடும். இயந்திரம் செய்த தாளில் மூன்றாவது வரிசையை எடுத்துக்கொண்டேன். கூடைக்கு ஒரு கால் வீதம் ஊசியால் நெம்பிவிட்டேன். மூலையில் செய்திருந்தால் இங்கேயே பார்த்துத் திருத்தியிருப்பார்கள். வெளியே போய்த் தவறினால்தான் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

தளர்ந்த கால் அறைக் காற்றுக்கும் ஆடும். மூச்சு நின்றாலும் கூடை அசைந்துகொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும்.

அந்த வரிசையிலிருந்து ஒன்று ஹன்பியோல் என்ற குழந்தைக்குப் போயிற்று. பொருத்திய அன்று அவளுடைய அம்மா ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியோடு எங்களைப் பார்க்க வந்தாள். செய்தது யார் என்று கேட்டாள். இயந்திரம் என்று சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை போல, என்னைக் காட்டினாள். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது நாளா கண்ணை மூடல, தங்கச்சி. இந்தக் கையை நம்பி இன்னிக்குத் தூங்கலாமா?"

"தூங்குங்க அக்கா" என்றேன்.

அவள் தூங்கினாள். மணி அடிக்கவில்லை.

இயந்திரம் திரும்பிப் போய்விட்டது. இப்போதெல்லாம் நான் ரப்பரைத் தளர்த்தும்போது நூறு கூடைகளும் ஒன்றாக எழும்பி நிற்கின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். ஏதோ ஒன்று மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். எந்தக் கூடை என்று தேடினால் அகப்படாது.

அக்கா சியோலுக்குப் போகவில்லை. நூறையும் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்க்கிறாள், சாப்பிடுவதில்லை. மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் தான்தானே, அந்தக் குழந்தையைக் கொன்றதும் தான்தான் என்கிறாள். உங்கள் மேல் தப்பில்லை அக்கா என்று நான் தினமும் தேற்றுகிறேன். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.