ஒரு முழம் கிழக்கே

நாற்காலி போடுவதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அன்று காலை பத்து மணிக்கு முதலாளி அரங்கநாதன் ஷெட்டின் வடக்குச் சுவரோரம், கைவைத்த நாற்காலியில். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவர் மனைவி வேதநாயகி அம்மாள். கவிழ்த்த எண்ணெய் டின்மேல் ஃபிட்டர் துரைராஜ். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலில் நான். நசுருதீன் உட்காரவில்லை, வெல்டிங் மேசைக்கும் கிழக்குத் தூணுக்கும் நடுவில் நின்றான். உட்கார்ந்தவர்கள் யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை. அதை நான் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தேன்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் எங்கள் பட்டறை. டிராக்டர் மட்கார்டு செய்கிறோம். 1987-ல் முதலாளி வெளிநாட்டிலிருந்து பழசாக ஒரு இயந்திரக் கை வாங்கினார். அதுவே வெல்டிங் வைக்கும். அதற்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் பெங்களூரில் நான்கு மாதம் படிக்க வைத்தார்கள். பொத்தான்களை அழுத்திக் கையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய், 'இது ஒன்று, இது இரண்டு' என்று பதிய வைப்பது என் வேலை. மொத்தம் நாற்பத்திரண்டு புள்ளிகள்.

யாராவது மேசையை நகர்த்திவிட்டால் நாற்பத்திரண்டையும் திரும்பச் சொல்லிக்கொடுப்பேன். மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் பட்டறையே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையில் அதற்கு ஒரு நிமிடம் போதும். கைக்கு ஷெட்டு தெரியாது. மேசையின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். புள்ளிகள் எல்லாம் அந்த மூலையிலிருந்து எடுத்த அளவுகள். மூலை எவ்வளவு நகர்ந்தது என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால், தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போல எல்லாப் புள்ளிகளும் கூடவே வந்துவிடும். இது எனக்குப் பெங்களூரிலேயே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நசுருதீன் கேட்டான். துளை போடும் மிஷினில் நிற்பவன், பத்தாவது படித்தவன். அகராதியை வைத்துக்கொண்டு இயந்திரப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான்.

"சார், ஒரு டவுட்டு. மேசதானே நவுந்துச்சு? புள்ளிங்க அதும் மேலதானே இருக்குது? மூலைய மட்டும் சொன்னா போதாதா?"

துரைராஜ் விடவில்லை. "அப்ப மூணு மூணு நாளு இன்னாத்துக்கு சார் பெண்டு நிமித்திக்கினு இருந்தீங்க? பாவமேன்னு டீ வேற வாங்கியாந்து குடுத்தோமே."

எல்லோரும் சிரித்தார்கள். நசுருதீன் சிரிக்கவில்லை. பிறகு தனியாக வந்து, "உங்களுக்கு முன்னயே தெரியும்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எதிரே வந்தாலே வேறு பக்கமாகச் சுற்றிப் போவேன். மிரட்டியிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். இரக்கப்படுகிறவனிடம் என்ன செய்ய முடியும்?

மூலை விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "புதன்கிழமை செஞ்சு காட்டுப்பா, நானும் வரேன்" என்று நசுருதீனிடம் சொன்னார்.

அதற்காக மேசையை மேற்கே நானூறு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம், நகர்த்தினோம். கிழக்கு என்றால் கூட்டல், மேற்கு என்றால் கழித்தல். நசுருதீன் அளந்தான், நோட்டில் எழுதினான், பெட்டியில் பதித்தான்: கழித்தல் நானூறு. சரியான எண். அவன் நின்று பார்க்க வசதியாக, மேசை காலி செய்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். கை மேற்கேதான் போகும், அந்த இடம் பத்திரம் என்று அவனும் ஒத்துக்கொண்டான். சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு பொத்தானை அழுத்திக் கழித்தலைக் கூட்டலாக்கினேன்.

"மொதல்ல மெதுவா ஓட்டிப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டான் நசுருதீன்.

"மொதலாளி காத்துக்கினு இருக்காருப்பா. ஆமையாட்டம் ஓட்டினா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

கை கிழக்கே வந்தது. அவனைத் தூணோடு சேர்த்து வைத்து முதல் புள்ளியைத் தேடியது, பிறகு இரண்டாவதை. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூன்றாவதற்கு முன்னால் அழுத்திவிட்டேன். நான் பதறிப்போய் ஓடியதாகத் துரைராஜ் எல்லோரிடமும் சொன்னான். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மண்டகப்பட்டு வருவதற்குள் நசுருதீன் உயிர் போய்விட்டது.

கை வெறும் காற்றில் வெல்டிங் வைக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் நான் எண்ணியது. வட்டத்தை விட்டு அவன் ஒரு எட்டு தள்ளி நின்றிருக்கலாம்.

பத்து நாள் கழித்து அவன் அம்மா ஹுசைன் பீ என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த நோட்டு. பெட்டியில் கூட்டல் நானூறு அப்படியே இருந்தது. விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் உத்தரவு. நோட்டையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், என் கதை முடிந்தது.

"மருமவ இத்தாவுல இருக்கா, நாலு மாசம் வெளிய வரக்கூடாது. அதான் நானே வந்தேன். அரைகுறையா கத்துக்கினு தானே போயி மாட்டிக்கினான்னு கடைத்தெருவுல பேசறாங்க தம்பி. என் புள்ள கணக்குல தப்பு பண்றவன் இல்ல. இந்த நோட்டையும் மிஷினையும் ஒத்துப் பாருங்கன்னு, கடலூர்ல இருக்கற கம்பெனி இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடு. எனக்கு எழுத்து தெரியாது. உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவன் சொல்லுவான்."

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. 'என் மகன் தன்னுடைய கணக்குப் பிழையால் இறந்தான். அவன் நோட்டே அதற்குச் சாட்சி. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. விசாரணையை முடித்துக்கொள்ள வேண்டுகிறேன்.' வாசித்துக் காட்டும்போது மட்டும், தாளில் இருந்ததை விட்டுவிட்டு அவள் சொன்னதையே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள். நோட்டுத் தாளைக் கிழித்து இணைக்கும்முன், நானூறுக்கு முன்னால் இருந்த கழித்தல் கோட்டின் குறுக்கே அதே நீல மையில் ஒரு சின்னக் கோடு இழுத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னா தம்பி அது?"

"ஒரு அடையாளம்மா."

தபாலாபீசுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். உறையை என் கையிலிருந்து வாங்கி, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அவளே ஒட்டினாள். ரிஜிஸ்தர் தபால். குமாஸ்தா முத்திரை குத்திப் பைக்குள் போட்டார். "நீ நல்லா இருக்கணும்" என்று என் தாடையைத் தொட்டாள். பத்து நாளில் அன்றுதான் எனக்கு முழுசாக மூச்சு வந்தது. அந்த வயதில் ஒருத்தியை வெயிலில் அலையவிடாமல், ஒரே நடையில் காரியத்தை முடித்துக் கொடுத்தவன் அந்தப் பட்டறையில் நான் ஒருவன்தான்.