திறந்து கிடந்த பட்டியல்

பாடம் நடத்துகிறவனுக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. பதினோரு வருடமாக வெந்நீர் இல்லாமல் நான் வகுப்புக்குள் போனதில்லை. கேட்டதும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தீர்கள், நன்றி. எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். வேகமாகப் பேசி யாரையும் தவிக்க விட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆப் எழுதுகிற பிள்ளைகளுக்கு, அதில் சேரும் விவரங்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லித்தருவது என் வேலை. இப்போது யாரும் விவரங்களைத் தங்கள் அறையில் வைத்துக்கொள்வதில்லை. எங்கோ இருக்கிற பெரிய கம்பெனியின் கணினியில் வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். கிளவுட் என்பது அதுதான். அந்த இடத்தின் வாசலில் ஒரு விதி எழுத வேண்டும்: யார் படிக்கலாம், யார் மாற்றலாம். வேலையைத் தொடங்கும்போது வசதிக்காக ‘யாரும் படிக்கலாம்’ என்று வைப்பார்கள். ஆப் ஓட ஆரம்பித்ததும் மூடிவிட வேண்டும். பத்தில் ஏழு பேர் மூட மாட்டார்கள்.

என் அப்பா கல்குவாரியில் வெடி வைத்தவர். வெடிமருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்காதே என்று ஒருவனுக்கு நாலு தரம் சொன்னார். ஐந்தாவது தரம் சொல்லவில்லை. பாறையில் துளை போட்டு அப்போதுதான் உருவிய, சூடு ஆறாத கம்பியின் முனையில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார். தோல் கம்பியோடு வந்தது. மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் குவாரியில் ஒருத்தன்கூட மருந்துக்குப் பக்கத்தில் பற்றவைக்கவில்லை. அப்பாவைக் கொடூரக்காரன் என்று பேசியவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்துகொண்டுதான் பேசினார்கள்.

இந்தத் தடவை வகுப்பில் பதினெட்டுப் பேர். அதில் ஒருவனை எல்லோரும் ‘பாத்துக்கலாம்’ என்றே கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

“சார், இவன் கல்யாணப் பத்திரிகைல தேதி போடுற இடத்துல ‘பாத்துக்கலாம்’னுதான் அடிப்பான்” என்றாள் முன்வரிசைப் பெண்.

“மொதல்ல பொண்ணு கிடைக்கட்டும்” என்றான் அவன். “மத்ததைப் பாத்துக்கலாம்.”

கெட்டிக்காரன். சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொள்வான். அவனுடைய அக்கா, புருஷன் அடிக்குத் தப்பி ஓடிவருகிற பெண்களுக்காக ஒரு வீடு நடத்தினாள். அந்த வீடு இருக்கும் தெருவை யாருக்கும் சொல்வதில்லை. வாசலில் பலகையும் கிடையாது. அக்காவுக்காக அவன் ஒரு ஆப் எழுதியிருந்தான். வீட்டு முகவரி என்ன, யார் எந்த அறையில் இருக்கிறாள், யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறாள், அவனுடைய போன் எண் என்ன, அவன் என்ன செய்தான் என்று எல்லாம் அதில் இருந்தது. போன் எண் எதற்கு என்றால், அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருப்பதற்கு.

இரண்டாவது வாரம் அவன் திரையைப் பார்த்தேன்.

“இது பயிற்சிக்கா, இல்ல நிஜமாவே ஓடுதா?”

“ஓடுது சார். அக்கா தினமும் இதைத்தான் பாக்குறாங்க.”

“வாசல் திறந்து கிடக்குதுப்பா. லிங்க் தெரிஞ்சா யார் வேணாலும் படிக்கலாம்.”

“மூடினா அக்கா போன்ல வர மாட்டேங்குது சார். அந்த லிங்க் வேற யாருக்குத் தெரியப்போகுது? பாத்துக்கலாம்.”

மறுபடி இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் தலையை ஆட்டினான். அந்த அக்காவிடமே நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வீட்டுக்குப் பூட்டு விழுந்திருக்கும். மற்ற பதினேழு பேரும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதப்போகிறவர்கள். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்?

சனிக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது அந்தப் பட்டியலைத் திறந்தேன். முப்பத்தொரு பெண்கள். நான் அவசரப்படவில்லை. குழந்தை உள்ளவர்கள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். ‘குழந்தைகள்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் இருப்பவர்களை மட்டும் வடிகட்டினேன். முப்பத்தொரு பேரும் வந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு புருஷன்மார் செய்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன். அறைகிறவன், முடியைப் பிடித்து இழுக்கிறவன் எல்லாம் என் காரியத்துக்குப் போதாது. இரண்டு தரம் கையை உடைத்து, ஒரு தரம் மண்ணெண்ணெய் ஊற்றியவன் ஒருவன் இருந்தான். கூரைத் தகடு பொருத்துகிற வேலை.

வேறு சிம் போட்டுக் கூப்பிட்டேன்.

“யாரு?”

“உங்க வீட்டுக்காரம்மா இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.”

பின்னால் யாரோ தகட்டை அடிக்கிற ஓசை கேட்டது. அது நின்றது.

“சொல்லுங்கண்ணே” என்றான். அவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. தெரு, வீடு, மாடி, இடது பக்கம் இரண்டாவது அறை. எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலைக்குக் கொண்டுபோகிற சுத்தியலோடு வந்தான். கதவைத் திறந்த சமையல்காரம்மா வழியை விடவில்லை. தாடையில் ஒரே அடி. இப்போது குழாயில்தான் கஞ்சி இறங்குகிறது என்று கேள்விப்பட்டேன். மாடிக்கு ஏறி, இடது பக்கம் இரண்டாவது அறையைத் தேடாமல் கண்டுபிடித்தான். நான் சொன்னதில் பிழை இல்லை. பெண்டாட்டியின் தலையை எத்தனை தரம் அடித்தான் என்பதை டாக்டர் எண்ண முடியாமல் ‘பல முறை’ என்று எழுதியிருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை வந்து அப்பன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் குனிந்து பார்க்காமலே அந்தப் பக்கமும் ஓங்கினான்.

அந்த நேரத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘பாத்துக்கலாம்’ போனை எடுத்துக் காதில் வைத்தான். பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பதினேழு பேரும் பார்த்தார்கள். மறுநாள் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் தங்கள் ஆப்பின் வாசலை மூடியிருந்தார்கள். முன்வரிசைப் பெண் தன்னுடையதை மூன்று தரம் சரிபார்த்தாள். பதினோரு வருடத்தில் என் வகுப்பு அப்படி அமைதியாக இருந்ததில்லை.

பத்தாவது நாள் அவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். மெலிந்திருந்தான். கையில் ஒரு தாள். யார் எப்போது திறந்தார்கள் என்று தானாகவே பதிவாகிற பட்டியல். அதைப் போட்டுவைக்க வேண்டும் என்று முதல் வாரத்தில் சொல்லியிருந்தேன். அதை மட்டும் அவன் தள்ளிப்போடவில்லை.

“சார், அக்காவையும் என்னையும் தவிர ஒரே ஒருத்தர்தான் இதைத் தொறந்திருக்காங்க. சனிக்கிழமை மத்தியானம். இந்த ரூம்லேர்ந்து.”

“ஆமா.”

“நீங்களா சார்?”

“நான்தான்.”

அவன் கத்துவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். “திட்டியிருக்கலாமே சார். என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே” என்றான். அறைந்தால் ஒரு வாரம்தான் ஞாபகம் இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவன் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான். செய்ய வேண்டியதைத்தான் செய்தான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே இதில் மறைக்க ஒன்றுமில்லை. புருஷன் சுத்தியலைத் தூக்கினான், அவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். சமையல்காரம்மாவின் தாடையும் என் கணக்கில் இருக்கட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். குழந்தையையும் நான் கொன்றதாக நான்காவது வரியில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். ‘குழந்தைகள்’ கட்டத்தைக் காலியாக விட்டால் பூஜ்யம் என்று தானே நிரப்பிக்கொள்ளும்படி அவன் எழுதிவைத்திருந்தான். அவன் அக்காவோ அதை யாருக்குமே நிரப்பவில்லை. ‘தெரியாது’ வேறு, ‘இல்லை’ வேறு என்று ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்கிறேன். பட்டியலிலேயே இல்லாத குழந்தையை நான் எப்படிக் கொன்றிருக்க முடியும்?